தம்பியைப் பார்த்துக்கொண்ட உங்களுக்கு

காவடி இறக்கிப் பல நாள் ஆகியும் என் தம்பிக்குச் சாமி மலையேறவில்லை. பினாங்கு ஜெலுத்தோங்கில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதைதான். மீதிப் பேருக்கும் தெரியட்டும் என்று அவனே சொன்னதால் எழுதுகிறேன்.

ராத்திரி முழுக்கப் பித்தளை வேலாயுதத்தைப் புளி போட்டுத் தேய்ப்பான். முருகன் ஏதோ கேட்பது போலவும் தான் பதில் சொல்வது போலவும் பேசிக்கொண்டே இருப்பான். தூக்கம் கிடையாது. தட்டில் போட்ட சோறு அப்படியே காயும். செய்வினை என்றார் சித்தப்பா. விரதத்தில் ஏதோ குறை என்றார்கள் மற்றவர்கள்.

முதல் நன்றி கோயில் குருக்களுக்கு. "அருள்னா திருநீறு பூசினதும் இறங்கணும்மா. பிள்ளை தூங்கவே இல்லையே! பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, அர்ச்சனையை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவர் சொன்னதால்தான் அம்மா கிளம்பினார். என் பேச்செல்லாம் எடுபட்டிருக்காது.

மனநலப் பிரிவு டாக்டர் மலாய்க்காரர். அருள் வருவது எப்படியிருக்கும் என்று எங்களிடமே கேட்டார். தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் பொறுமையாக விளக்கினார். சடங்கில் சாமி வருவதை உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் நோயாகக் கணக்கிடுவதில்லையாம். தன் விருப்பமில்லாமல் வந்து, விடாமல் ஆளை வாட்டினால்தான் கவனிக்க வேண்டுமாம். தம்பிக்கு வந்தது பைபோலார், மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய். தூக்கம் கெட்டாலே அது கிளம்பிவிடும் என்றார். அவன் பக்தியை அங்கே யாரும் கிண்டல் செய்யவில்லை. அதற்குத் தனியாக ஒரு நன்றி.

மருந்தாளர் அக்காவை மறக்க மாட்டேன். தம்பிக்குக் கொடுத்த லித்தியம் மருந்தைச் சாப்பிடுகிறவர் திடீரென்று உப்பைக் குறைத்தாலோ, உடம்பில் நீர் வற்றினாலோ, ரத்தத்தில் மருந்து ஏறி நஞ்சாகிவிடுமாம். உப்பில்லா விரதம், வெயில் நடை, இரண்டையும் அவரே விசாரித்து எச்சரித்தார். நமக்கு இதெல்லாம் எங்கே தோன்றும்!

இரவில் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), வேலையைக் காத்து வைத்த முதலாளி, இருவருக்கும் நன்றி.

இந்த வருடம் காவடி இல்லை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பால்குடம். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியிலும் தம்பி கையில் தண்ணீர்ப் பாட்டிலைத் திணித்துக்கொண்டே ஏறிய உறுமி மேளப் பையன்களே, நன்றிப்பா. அப்புறம், ரத்தப் பரிசோதனைக்கு இப்போது அவனைக் காரில் கூட்டிப் போவது செய்வினை சொன்ன அதே சித்தப்பாதான். அவருக்கும்.

அன்புடன்,
அக்கா