நான்கரை மணிக்குப் பிறகு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நம் பள்ளிப் பையன்கள் மூன்று பேர் மோட்டார் கொட்டகையில் காப்பர் வயரை அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டது ஊருக்கே தெரியும். அவர்களுக்குக் கிடைத்தது 600 ரூபாய். கொத்துப் பரோட்டாவுக்கே சரியாகப் போய்விட்டது. மோட்டார்க்காரருக்கோ குறுவை நாற்று தண்ணீரில்லாமல் நாலு நாள் வாடியது. ஆனாலும் அவர் போலீசுக்குப் போகவில்லை. "நம்ம தெருப் பயலுவதானே சார்" என்றார். மூன்று வீட்டாரும் நடவுக் கூலியிலிருந்து அவருக்குத் தவணை கட்டி வருகிறார்கள். (பையன்களின் பெயரைக் கேட்டு எனக்கு போன் செய்யாதீர்கள். சொல்ல மாட்டேன்.)

அந்த மூன்று வீட்டுக்கும் போய்வந்தேன். அம்மா நடவு முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. ஒருவனின் அப்பா திருப்பூரில். பள்ளி நான்கரைக்கு விடுகிறது, ஏழு மணிவரை பையன் யார் கையில் இருக்கிறான்? அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு 'அண்ணன்' பைக்கை ஓட்டக் கொடுத்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்துப் பழகுகிறான். இன்று வயர், நாளை பொட்டலம். போதைப்பொருள் விற்கவும் கொண்டுபோகவும் சிறுவரைப் பயன்படுத்துகிறவனுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டுவரை கடுங்காவல் உண்டு. ஆனால் முதலில் மாட்டுவது பையன்தான். அதற்காகத்தானே அவனை அனுப்புகிறான்?

எனவே ஆடிப்பெருக்கு கழிந்த திங்கள் முதல் பள்ளி மைதானம் தினமும் ஆறரை வரை திறந்திருக்கும். கபடி, கைப்பந்து, சிலம்பம்; மழை வந்தால் நூலக அறையில் கேரம். மாணவிகளும் வரலாம். சிலம்பத்துக்கு நம் பழைய மாணவர் ஒருவர் சம்பளமில்லாமல் வருகிறார். தமிழகத்தில் பல ஊர்களில் காவல்துறையே சிறுவர், சிறுமியர் மன்றங்கள் நடத்துகிறது. இங்கும் ஒன்று கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

அந்த மூவரும் வருவார்கள். "அவனுங்களோட எம்புள்ள ஆடணுமா?" என்று இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். ஆடட்டும். நாம் ஒதுக்கினால் அவர்களுக்குப் போக்கிடம் அந்த அண்ணன் மட்டும்தான்.

எனக்குப் பணம் வேண்டாம், ஆள் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை மைதானத்தில் வந்து உட்காரப் பெரியவர்கள் இரண்டிரண்டு பேராக வேண்டும். தாத்தா, பாட்டி வந்தாலும் சரி.

பைக் சாவியைப் பையனிடம் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குள் ஓட்டி மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் உண்டு. அவனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. கணக்கில் வராத காசோ புது போனோ கண்ணில் பட்டால் அடிக்காமல் விசாரியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

வரும் வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பள்ளியில் கூடிப் பேசி, யாருக்கு எந்த நாள் என்று எழுதிக்கொள்வோம். வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தாலும் பரவாயில்லை, வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்