குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கலையொட்டிக் கோலப்போட்டி நடந்தது. பிப்ரவரியில் குழந்தைகளை லாங்வுட் சோலைக்கு அழைத்துச் சென்றோம். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே 116 ஹெக்டேரில் இப்படியொரு சோலை நிற்பதும், 2024இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் உடன் வந்த பெற்றோர் பலருக்கே புதிய செய்தி. செயற்குழுக் கூட்டத்துக்கு எட்டு முறை அழைப்பு அனுப்பினேன். மூன்று முறை ஆள் சேராமல் கலைந்தோம்.

இனி, குப்பைத் தொட்டிக் கூண்டு. இதைப் பற்றிப் பலரும் பலவாறு பேசியிருப்பதால் நடந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை மாதம், பேரிக்காய் பழுத்த நேரத்தில், நமது பிள்ளையார் கோயில் கதவைக் கரடி உடைத்தது. காலையில் பூசாரியுடன் போய்ப் பார்த்தேன். எண்ணெய்த் தகரம் நசுங்கிக் கிடந்தது. அகல்கள் புளி போட்டுத் துலக்கியது போலிருந்தன, திரியைக்கூடக் காணோம். புற்றிலிருந்து கறையானை உறிஞ்சித் தின்பதற்கென்றே அமைந்த வாய் கரடிக்கு. மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. கதவின் கீழ்ப்பலகையில் ஐந்து கீறல்கள், என் விரல் நுனி பதியும் ஆழத்துக்கு.

அன்று மாலையே வனத்துறையிடம் கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்லி மனு எழுத வேண்டும் என்றார்கள். நான் கையெழுத்திடவில்லை. அதற்காக என் மீது வருத்தம் இருக்கிறது என்று தெரியும். ஆனால் அதன்பின் மூன்று இரவுகள் மொட்டைமாடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். மூன்று இரவும் அது கோயிலுக்குப் போகவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஏறி நேராக முக்கிலிருக்கும் குப்பைத் தொட்டிக்குத்தான் வந்தது. மூன்றாம் இரவு தெருவிளக்கு வெளிச்சத்தில் அதன் முதுகைப் பார்த்தேன். மயிரைப் பற்றிக்கொண்டு இரண்டு குட்டிகள். மீன் கழிவும் எண்ணெய்ப் பொட்டலமும் அங்கே கிடக்கும்வரை, இந்தத் தாயைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த கரடி வரும். கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம், மூக்கு கூர்மை. அந்த மூக்குக்கு நாமே அழைப்பு அனுப்பிவிட்டு அதன் மேல் புகார் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முக்கில் இடுப்பளவு சிமெண்ட் சுவர் எழுப்பி, அதன்மேல் ஆங்கிள் சட்டத்தில் கனத்த கம்பிவலை அடித்து, மேலேயும் மூடி, இரும்புக் கதவு போட்டோம். முதலில் போட்ட சாதாரணத் தாழ்ப்பாளைக் குரங்கு இரண்டே நாளில் திறந்துவிட்டது. பிறகு வெல்டிங் பட்டறைக்காரரிடம் நான்கு முறை நடந்து, தூக்கித் திருப்பி இழுத்தால் மட்டும் திறக்கும் தாழ்ப்பாளைச் செய்து வாங்கினேன். அக்டோபரில் வேலை முடிந்தது. அதன்பின் கோயில் கதவு உடைபடவில்லை. முக்கில் கரடி வந்தது இரண்டே முறை. இரண்டும் தொடர் விடுமுறை முடிந்த மறுநாள், கதவு திறந்து கிடந்த இரவுகள்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நம்மில் சிலர் ஆண்டில் பெரும்பகுதி வீட்டைப் பூட்டிவிட்டுச் சமவெளியில் இருக்கிறார்கள், அல்லது விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்கள் தோட்டத்துப் பேரிக்காய்களைப் பறிக்க ஆளில்லை. விழுந்து புளித்துக் கிடக்கின்றன, நாற்றம் கீழே ஹட்டிவரை, படகர் ஊர்வரை, போகிறது. வந்து தங்குவோர் குரங்குக்கு ரொட்டி நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மறுநாள் அதே குரங்கு அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் கை நீட்டுகிறது. கிடைக்காவிட்டால் பல்லைக் காட்டுகிறது. நவம்பரில் ஒரு குழந்தையின் முன்கையில் கீறிவிட்டது, தடுப்பூசிக்கு அலைந்தோம். சந்தா பாக்கி உள்ள வீடுகளின் பட்டியலையும் பேரிக்காய் அழுகும் வீடுகளின் பட்டியலையும் நான் தனித்தனியாக எழுதத் தொடங்கினேன். ஏறக்குறைய ஒரே பட்டியலாக வந்தது. பெயர்களைப் படிக்கப் போவதில்லை.

காட்டெருமை பற்றி வந்த மனுக்கள் ஐந்து. காட்டெருமை என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது எருமையல்ல, காட்டு மாடு. டிசம்பரில் ஒரு காலை, பள்ளி வேன் நிற்கும் வளைவில் ஒற்றைக் கடா வழியை மறித்து நின்றது. மூக்கிலிருந்து ஆவி, முழங்காலுக்குக் கீழ் வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள், சேறு படிந்து. கொழுந்து பறிக்கப் போன பெண்கள் பிள்ளைகளைச் சுவரோரமாக நிறுத்தி, ஓட்டுநரையும் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். இருபது நிமிடம். பிறகு அது புல்லை இரண்டு வாய் கடித்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது. அந்தச் சரிவுக்குப் போகும் இடைவெளியில் கட்டியிருந்த முள்வேலியைச் சங்கச் செலவில் நான் எடுக்கச் சொன்னது தவறென்று ஒரு உறுப்பினர் எழுதியிருக்கிறார். வேலி இருந்திருந்தால் அது பிள்ளைகள் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

தண்ணீர்த் தொட்டி கழுவுவது ஜூனில் மூன்று வாரம் தாமதமானதற்கு நானே பொறுப்பு. மோட்டார் அறைப் பரணில் சீகாரப் பூங்குருவி கூடு கட்டியிருந்தது. விடியுமுன் யாரோ பையன் சீட்டியடித்துக்கொண்டு போவது போல நாம் தினமும் கேட்பது அதன் குரல்தான். குஞ்சுகள் பறக்கும்வரை பொறுத்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். கூண்டுச் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது உண்மை. மீதத்தை வரவேண்டிய சந்தாவிலிருந்து ஈடுகட்டலாம் என்று நம்பினோம். கையிருப்பு சிறிதளவு உள்ளது.

அழைத்தபோதெல்லாம் வந்த வனக்காப்பாளர்களுக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும், பூசாரிக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பில் தொடர என் உடல்நிலை இடம் தருமா என்று தெரியவில்லை. யார் வந்தாலும் சாவிக்கொத்தை ஒப்படைக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு முக்குவரை நடந்து, தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று பார்க்க நாளுக்கு ஒருவராக முறை வைத்தால் ஏழு வீடுகள் போதும். இதுவரை இரண்டு வீடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன. நோட்டு வாசலில் மேஜை மேல் இருக்கிறது. ரசீது புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்