நாடா வெட்ட ஆள் இருக்கு, கிறீஸ் பூச ஆள் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில அடிக்கடி ஒரு படம் வரும், நாடா வெட்டுறதும் பக்கத்தில மாலை போட்ட ஆக்கள் வரிசையா நிக்கிறதும். போடுங்கோ, நான் வேண்டாம் எண்டேல்ல. ஆனா மூண்டு வருசம் கழிச்சு அதே இடத்துக்கு ஒரு பொடியனை அனுப்பி இன்னொரு படம் எடுத்துப் போடுங்கோவன் எண்டு கேக்கத்தான் எழுதுறன்.

யாழ்ப்பாணத்தில எங்கட பக்கத்தில ஒரு சின்னச் சிறுவர் பூங்கா இருக்கு, பேர் வேண்டாம். ரெண்டு ஊஞ்சலில ஒண்டுக்கு இப்ப சங்கிலியே இல்ல, வெறும் குழாய்தான் நிக்குது. அது ஒரு நாளில அறுந்த சங்கிலி இல்ல. மேல குழாயில கொளுவுற வளையம் இருக்குத்தானே, அது இரும்பும் இரும்பும் உரசித் தேஞ்சு, கடல்காத்துக்குத் துருவும் ஏறி, மெலிஞ்சு மெலிஞ்சு வந்ததை அங்க பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போற எல்லாரும் பாத்தவை. இடைக்கிடை ஒராள் ஏணியோட வந்து கிறீஸ் பூசி, தேஞ்ச வளையத்தை மாத்திவிட்டிருந்தா அலுவல் முடிஞ்சுது. ஆனா வந்தது என்னெண்டா பெயின்ற். ஏதோ ஒரு நிகழ்வுக்கு முதல்நாள், துருவைச் சுரண்டாமலே மேலால நீலப் பெயின்ற் அடிச்சிட்டுப் போயிட்டினம், இப்ப அது பொருக்குப் பொருக்கா உரியுது. சொல்ல வேண்டிய இடத்தில போய்ச் சொன்னா, புதுசு வாங்க நிதி வரோணும், ரென்டர் போடோணும் எண்டினம். ஒரு வளையத்துக்கு என்ன ரென்டர் ஐயா?

இதில விசயம் என்னெண்டா கட்டுற காசு வேற, பாக்கிற காசு வேற. கட்டுறதுக்கு கொழும்பு அமைச்சு தரும், உலக வங்கி தரும், இந்தியா தரும், லண்டன் கனடாவில இருக்கிற எங்கட சனமும் தரும். கூட்டுறது, கிறீஸ் பூசுறது, பல்ப் மாத்துறது, புல்லு வெட்டுறது எல்லாத்துக்கும் வீடு வளவுக்கு நாங்கள் மாநகரசபைக்குக் கட்டுற சோலைவரியும் சந்தைக் கடை வாடகையும்தான். அந்தச் செலவுக்கு ஆரும் கல்வெட்டு வைக்கிறதில்ல, அதால ஆருக்கும் அதில ஆசையும் இல்ல. புல்லுக்குளத்துக்குப் பக்கத்தில இந்தியா கட்டித் தந்த கலாசார மண்டபத்தைப் பாருங்கோ, 11 மாடி, 600 பேர் இருக்கிற அரங்கு, 2023 பெப்ரவரியில எங்கட கைக்கு வந்தது. நல்ல சாமான்தான், நானும் போய் நிகழ்ச்சி பாத்தனான். ஆனா லிப்ட், ஏசி, கரண்ட் பில் எல்லாம் ஆர் பாக்கிறது எண்ட கதை கட்டி முடிஞ்சாப் பிறகுதான் பெரிசா எழும்பினது, அது அத்திவாரம் போட முன்னம் கதைச்சிருக்க வேண்டிய கதை.

வெள்ள வாய்க்காலும் இப்பிடித்தான், எனக்கு அதுதான் பூங்காவை விடப் பெரிய கவலை. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்ல, கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, விழுற மழை குளத்தில நிண்டு ஊறித்தான் எங்கட கிணத்துக்கு வரோணும், மிச்சம் வாய்க்காலால கடலுக்குப் போகோணும். பழைய ஆக்கள் அதுக்குத்தான் இத்தினை குளம் வெட்டி ஒண்டோட ஒண்டைத் தொடுத்து வச்சவை. இப்ப வாய்க்காலுக்கு மேல சீமெந்து மூடி, மூடிக்கு மேல கடைப்படி, உள்ள சோறு கட்டுற லஞ்ச் சீற்றும் தண்ணிப் போத்தலும். 2020 டிசம்பர் புரெவிப் புயலுக்கு றோட்டும் வீடும் நிறைஞ்சு கிடந்ததை மறந்திருக்க மாட்டியள். ஐப்பசி பிறக்க முன்னம் தூர் வாரினா கூலிச்செலவோட போயிடும், வெள்ளம் வந்தாப் பிறகு எண்டா பவுசர், பம்ப், சமைச்ச சாப்பாடு, பேந்து தை மாசம் டெங்கு வார்ட். இந்தக் கணக்கு விளங்கப் பெரிய படிப்புத் தேவையில்ல.

இன்னொண்டு, றோட்டில ஒரு கிடங்கு விழுந்தா ஆரிட்டச் சொல்றது எண்டே சனத்துக்குத் தெரியாது. கண்டி வீதி ஏ9 வீதி அபிவிருத்தி அதிகாரசபையின்ர, சில வீதி மாகாணத்தின்ர, ஒழுங்கையள் மாநகரசபையின்ர. ஒரு சந்தியிலயே மூண்டு சொந்தக்காரர் நிப்பினம், கிடங்கு நடுவில கிடக்கும்.

எங்களிலயும் பிழை இருக்கு, சொல்லாம விடேலாது. சோலைவரி கட்டாம வருசக்கணக்கா இழுக்கிறம், பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரர் வெளியில இருந்து கோபுரத்துக்கு லட்சக்கணக்கில அனுப்புவினம், வீட்டு முன் வாய்க்காலுக்கு ஒரு சதம் அனுப்பாயினம். (கோயிலுக்கு அனுப்ப வேண்டாம் எண்டு சொன்னதா ஆரும் எடுக்காதேங்கோ, பேந்து எனக்கு ஊருக்குள்ள இருக்கேலாது.)

2025 மே மாசம் வாக்குப் போட்டு மாநகரசபைக்கு உறுப்பினர்மாரை அனுப்பினனாங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில ஒவ்வொரு பூங்காவுக்கும் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் வருசப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினம், அதுக்கு ஆர் பொறுப்பு எண்டு தனித்தனியாப் போட்டு, அந்த இடத்திலயே போன் நம்பரோட ஒரு பலகையும் வைக்கட்டும். புதுசா ஏதும் திறக்கிறதெண்டா முதல் அஞ்சு வருசச் செலவு எங்கால வருது எண்டு சபையில சொல்லிப்போட்டுத் திறக்கட்டும். இதுக்கு எங்கட வட்டார உறுப்பினர் உங்கட பேப்பரிலயே பதில் எழுதினா நல்லம்.

சோலைவரி கட்டிற ஒருவன்,
யாழ்ப்பாணம்.