முப்பதும் ஒரே வாள்தான்

அன்புள்ள கதிர்,

பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். உன் செய்தியெல்லாம் மீனா சொன்னாள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கணினி விளையாட்டுக்காக ஏஐயை வைத்து வரைந்து நீ அனுப்பிய முப்பது ஆயுதப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் முப்பதும் ஒரே வாள்தான்டா! நீல ஒளி, பிடியில் டிராகன் தலை, அலகு முழுக்க யாருக்கும் புரியாத எழுத்து. "மாய வாள்" என்று மொட்டையாகக் கேட்டால், ஏஐ தான் அதிகம் பார்த்ததைத்தான் எடுத்து நீட்டும்.

படத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் எழுத்தில் கேள். உன் விளையாட்டின் உலகத்தை ஏஐயிடம் சொல்: அங்கே இரும்பு கிடைக்குமா, எந்த மிருகத்தோடு சண்டை, வீரன் குதிரையில் வருவானா நடந்து வருவானா. பிறகு, "இதை ஏந்துகிறவன் எதை இழக்கிறான்?" என்று கேள். ஆயுதத்துக்கு உயிர் வருவது இந்தக் கேள்வியில்தான். உப்புப் படிக ஈட்டி ஒன்று என்று வைத்துக்கொள். குத்தும்போதெல்லாம் நுனி உடையும், உடைந்த தூள் எதிரியின் காயத்தில் எரியும், மழை வந்தால் ஈட்டியே கரையும். வானத்தைப் பார்த்துப் போருக்குக் கிளம்ப வேண்டிய படை கிடைத்துவிட்டது, பார்த்தாயா? இருபது யோசனை கேள். முதல் பத்தைத் தூக்கிப் போடு, தேய்ந்ததெல்லாம் அங்கேதான் இருக்கும்.

எண்களில் ஏஐயை நம்பாதே. ஆயுதம் செய்யும் சேதத்தைப் பகடை உருட்டித் தீர்மானிக்கிறாய் என்று வைத்துக்கொள். இரண்டு ஆறுமுகப் பகடையின் சராசரி 7, ஒரு பன்னிரண்டுமுகப் பகடையின் சராசரி 6.5. கிட்டத்தட்ட சமம் என்று சொல்லிவிடும். ஆனால் 12 விழும் வாய்ப்பு முதலாவதில் 36-க்கு 1, இரண்டாவதில் 12-க்கு 1. ஆடும்போது இரண்டும் வேறு வேறு ஆயுதம். எக்செல்லில் போட்டுப் பார். எடையும் அப்படித்தான். நிஜ நீள்வாள்கள் பெரும்பாலும் 1.1 முதல் 1.8 கிலோதான், உன் பட்டியலில் 10 கிலோ என்று இருக்கிறது.

இனி படம். வெறும் வார்த்தையில் கேட்டதால்தான் பதினேழாவது கோடரியின் காம்பு அலகுக்குப் பின்னால் போய் வேறு இடத்தில் முளைக்கிறது. வெளிக்கோட்டை நீயே வரை. படம் வரையும் ஏஐயான ஸ்டேபிள் டிஃப்யூஷனில், உன் கோட்டைப் பின்பற்றி வரைய வைக்கும் கன்ட்ரோல்நெட் ஸ்கிரிபிள் வழியாகக் கொடு. இமேஜ்-டு-இமேஜ் (ஒரு படத்தைக் கொடுத்து அதிலிருந்து வரையச் சொல்வது) என்றால், படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டினாய்சிங் அளவு 0.4, 0.5 போதும். 0.7 தாண்டினால் உன் வடிவம் காணாமல் போகும். பக்கவாட்டுத் தோற்றம், வெறும் சாம்பல் பின்னணி. அதே படத்தைத் திரும்ப வரவழைக்க உதவும் சீட் எண்ணையும் மற்ற அமைப்புகளையும் குறித்து வை.

வந்ததை முழுக்கக் கறுப்பாக்கி 64 பிக்சலுக்குச் சுருக்கு. கோடரியா ஈட்டியா என்று தெரியாவிட்டால் திரும்ப வரை. பிடியில் முள் வேண்டாம், ஒரு கை பிடிக்க 10 செ.மீ. இடம் விடு. ஏஐ வரைந்த ஆயுதத்தின் இரு பாதியும் பெரும்பாலும் சரியாகப் பொருந்தாது. அதனால் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் ஒரு பாதியை மட்டும் செய்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பம்போல் உருவாக்கும் மிரர் மாடிஃபையரிடம் விடு. ஆரிஜின் (ஆயுதம் எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறதோ அது) பிடியில் இருக்கட்டும், இல்லையென்றால் வீரன் அலகைப் பிடித்துச் சுழற்றுவான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீ ஏஐக்கு எழுதிய ப்ராம்ப்டில் உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரின் பெயர் இருக்கிறது. எடுத்துவிடு. அவர் பல வருடம் உழைத்துக் கண்ட கோடு அது. விளையாட்டுகளை விற்கும் தளமான ஸ்டீமில் வெளியிடும்போது ஏஐ பயன்படுத்தியதைப் படிவத்தில் மறைக்காமல் எழுது, 2024 ஜனவரியிலிருந்து அது விதி.

நம் பாபு வரைந்த ஏழு முனை ஈட்டியை மட்டும் ஏஐயிடம் கொடுக்காதே. அது அப்படியே இருக்கட்டும்.

முதலில் உப்பு ஈட்டியை முடித்து அனுப்பு, மழைக் காட்சியோடு.

அன்புடன்,
செல்வா