ரம்பம் வாங்கும் முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுச்சேரி வீட்டின் தாழ்வாரத் தூண்கள் நல்ல தேக்கு. வாசல் நிலையின் கால் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு உளுத்திருக்கிறது. அதற்கு மேலே வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உட்பாகம், அப்படியே இருக்கிறது. முழு நிலையையும் பெயர்த்துப் போடச் சொன்னால் கேட்காதே. கெட்டதை அறுத்து, அதே கனத்தில் தேக்குத் துண்டு ஒட்டுப்போட்டால் போதும்.

மாப்பிள்ளை கடையில் நான்கு அங்குல மார்பிள் கட்டரைப் பார்த்துவிட்டு வந்ததாக எழுதியிருந்தாய். அது வேண்டாம். நம் பக்கத்தில் அதில் மரப் பிளேடு மாட்டி அறுப்பவர்கள் நிறைய, நானும் அறுத்திருக்கிறேன். ஆனால் அது கல்லுக்குச் செய்தது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும், பிளேடின் அடிப்பாகத்தைத் தானாக மூடிக்கொள்ளும் காப்பும் கிடையாது.

7¼ அங்குலப் பிளேடு போடும் வட்ட ரம்பம் வாங்குங்கள். 5,000 சுற்றை ஒட்டி ஓடும், ஏறக்குறைய 65 மி.மீ. ஆழம் அறுக்கும். உங்கள் நிலைச் சட்டம் மூன்று அங்குலம், அதாவது 76 மி.மீ.; ஒரே போக்கில் அறாது. மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்துச் சுற்றிலும் கோடு கிழித்து, புதுத் துண்டை இரு பக்கமிருந்தும் அறுக்கலாம். இதற்காகப் பெரிய மெஷினுக்குப் போக வேண்டாம், அதன் எடை கையை இழுத்துவிடும். சுவரில் நிற்கிற நிலையிலும் தலைக்கு மேலுள்ள உத்தரத்திலும் வட்ட ரம்பத்தை வைக்கவே கூடாது. அங்கெல்லாம் கைரம்பம்தான்.

கடையில் வாட்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். நீ கீழ்க் காப்பைப் பார். பிளக் மாட்டாமல், அதன் நெம்பியைப் பிடித்து மேலே தள்ளிவிட்டு விடு. சட்டென்று மூட வேண்டும். பாதியில் தயங்கினால் அந்த மெஷின் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உனக்கு ஏழு வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். என் இடது தொடையில் தையல் போட்டபோது, சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். விழவில்லை. தூள் அடைத்துக் காப்பு சிக்குகிறதென்று, கட்டுக்கம்பியால் அதை மேலே இழுத்துக் கட்டியிருந்தேன். பலகையை அறுத்து முடித்து, சுவிட்சை விட்டு, பழக்கத்தில் மெஷினைக் கால் பக்கம் இறக்கினேன். பிளேடு இன்னும் நிற்கவில்லை. முதலில் வலி தெரியவில்லை. வேட்டி கனத்ததுதான் தெரிந்தது. உன் அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். பெயிண்டுக்கு அடியில் தலை தெரியாது. காந்தத்தை நூலில் கட்டி மரத்தை ஒட்டி மெல்ல நகர்த்திப் பார், ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். பிடுங்கிய பிறகே அறுக்க வேண்டும். பிளேடு கார்பைடு பல் வைத்ததாக இருக்கட்டும்: மர ஓட்டத்தோடு, அதாவது நார் போகிற வாக்கில் கிழிக்க 24 பல், குறுக்கே அறுக்க 40 பல். பல் கீழிருந்து மேலாக ஏறி வெட்டுவதால் சிம்பு மேல்முகத்தில்தான் தெறிக்கும். நல்ல முகத்தைக் கீழே போடு. பலகையின் அடியில் ஒரு பல் அளவு வெளியே தெரிந்தால் ஆழம் சரி.

இரண்டு முனையிலும் மட்டும் தாங்கல் கொடுத்து நடுவில் அறுத்தால் பலகை தொய்ந்து பிளேடைக் கவ்வும். கவ்விய மெஷின் உன்னை நோக்கித்தான் எகிறும். அதனால் துண்டு தடையில்லாமல் கீழே விழ வழி விடு. மெஷினுக்கு நேர் பின்னால் நிற்காதே. கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதே. தேக்குத் தூள் நெஞ்சைப் பிடிக்கும், பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். குழந்தையை அன்றைக்கு உன் மாமியார் வீட்டில் விட்டுவிடு.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். என் கைரம்பத்துக்கு அரம் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மெஷினை வாங்கி வையுங்கள், பிளேடை மட்டும் நான் வந்த பிறகு மாட்டலாம்.

அன்புடன்,
அப்பா