சென்-சஃபொரன் கல்மதிலைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

சுவிற்சர்லாந்தில், ஜெனீவா ஏரி எனவும் அழைக்கப்படும் லெமான் ஏரியின் வடகரையில், லொசானுக்கும் வெவேக்கும் இடையே அமைந்த சென்-சஃபொரன் என்னும் சிற்றூரின் திராட்சைச் சரிவில், பொது நடைபாதையை ஒட்டி நிற்கும் கல்மதிலின் ஒரு பகுதி முன்புறமாகப் புடைத்துவிட்டது. அதனைப் பிரித்து மீண்டும் கட்டுவதற்காக, ஊரவரும் அயலில் வாழும் தமிழரும் இணைந்த எமது குழு நிதி திரட்டுகிறது.

இவ்வூர் லவோ திராட்சைச் சரிவுகளுள் அடங்கியது. 11ஆம் நூற்றாண்டு முதல் ஆசீர்வாதப்பர் (பெனடிக்டின்), சிஸ்டர்சியன் ஆகிய கத்தோலிக்கச் சபைகளின் துறவியர் இந்நிலங்களை ஆண்டுவந்தனர். காட்டை வெட்டிப் படிநிலங்கள் அமைத்த அவர்களது உழைப்பின் தொடர்ச்சியாகவே இன்று 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மதில்கள் இங்கே நிற்கின்றன. கட்டடங்கள் பெருகி இச்சரிவுகளை விழுங்கிவிடும் என்று அஞ்சிய, இவ்வூர் அடங்கிய வோ மாநிலத்து மக்கள் 1977இல் வாக்களித்து அவற்றுக்குப் பாதுகாப்புத் தேடிக்கொண்டனர். 2007இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஊர்த் தேவாலயத்தினுள் உரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்து மைல்கல் ஒன்றும் உண்டு. ஆயினும் இவ்வூரின் தலையாய சொத்து மதில்களே என்பது எமது உறுதியான எண்ணம்.

காரணம் எளிது. மதில் இல்லையேல் மண் நில்லாது; மண் நில்லாவிடில் கொடி இல்லை. இங்கு பெரும்பாலும் பயிராகும் ஷாஸ்லா என்னும் வெண்திராட்சைக்கு மூன்று சூரியன்கள் உண்டு என்று தோட்டக்காரர் சொல்வார்கள்: வானத்துச் சூரியன், ஏரி நீரில் பட்டுத் திரும்பும் ஒளி, பகலெல்லாம் சூடேறிய கல் இரவில் விடும் வெப்பம். மூன்றாவது சூரியன் மதிலுக்குள்தான் இருக்கிறது.

மதிலின் அடிப்பகுதியில் நீர் வடிவதற்காகக் கையளவு துளைகள் விடப்பட்டிருக்கும். வேரும் களிமண்ணும் அவற்றை அடைத்துவிட்டால், மழைநீர் பின்புறத்தில் தேங்கி மண்ணை ஊறவைக்கிறது. பனிக்காலத்தில் அந்நீர் உறைந்து விரிந்து கற்களை வெளியே தள்ளுகிறது. இங்கே நேர்ந்திருப்பதும் இதுவே. மேலே சீமெந்து பூசி மறைத்தால் நீர் இன்னும் அடைபடும். ஆகவே கற்களை ஒவ்வொன்றாக இறக்கி, பின்புறம் சல்லிக்கல் நிரப்பி, வடிதுளைகளைத் திறந்து, பழைய கற்களைக்கொண்டே சுண்ணச்சாந்தில் மீளக் கட்ட வேண்டும். செங்குத்தான இச்சரிவில் பெரிய இயந்திரம் ஏற முடியாது. கைவேலைதான் அதிகம், செலவின் பெரும்பகுதியும் கூலிதான். சிறு தோட்டமொன்றை நம்பி வாழும் ஒரு குடும்பம் இச்சுமையைத் தனியே தாங்குவது கடினம். அந்தப் பாதையில் நாம் அனைவரும் நடக்கிறோம்.

1980களில் போருக்குத் தப்பி இந்நாட்டுக்கு வந்தவர்களும் அவர்களது பிள்ளைகளுமாகிய நம்மில் பலர், யாழ்ப்பாணத்துத் தோட்ட நிலங்களில் திராட்சைப் பந்தல் போட்டு, கிணற்று நீர் இறைத்துப் பயிர் காத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மண்ணின் அருமையை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊராகிவிட்ட இவ்விடத்தின் பொதுப்பணியில் நம் பங்கும் இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறோம்.

உறைபனி விலகி, கொடி துளிர்க்கும் முன் வேலை முடிய வேண்டும். பனியில் சுண்ணச்சாந்து இறுகாது. எனவே குளிர்காலம் முடிவதற்குள் தங்களால் இயன்ற தொகையை, சிறிதெனத் தயங்காமல், குழு உறுப்பினரிடம் நேரில் தந்து எண்ணிட்ட பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பற்றுச்சீட்டின்றி எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு, நன்கொடையாளர் அனைவருக்கும் வேலை முடிந்ததும் எழுத்தில் வழங்கப்படும். மீதிப் பணம் இருப்பின் அதே பாதையிலுள்ள ஏனைய மதில்களின் வடிதுளைகளைத் துப்புரவாக்க மட்டுமே செலவிடப்படும். பணம் தர இயலாதவர்கள் சனிக்கிழமைகளில் கல் சுமக்கவும் மண் அள்ளவும் வரலாம். அதுவும் எமக்குப் பெருங்கொடையே.

இங்ஙனம்,
மதில் புனரமைப்புக் குழுவினர்