“என் ஊர் விக்ஸ்டன்”: லெஸ்டர்ஷயர் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

லெஸ்டரிலும் லெஸ்டர்ஷயரிலும் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகத்தினருக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும்,

வணக்கம்.

போன ஆண்டு பிள்ளைகளுக்கு நடந்த ஒரு பேச்சுப் போட்டிக்குப் போயிருந்தேன். தலைப்பு ‘என் ஊர்’. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி நல்லூர்த் தேரையும் கீரிமலைக் கேணியையும் பனங்கூடலையும் பற்றிப் பேசினார்கள். பெரும்பாலானவர்கள் அந்த இடங்களைக் கண்ணால் கண்டதில்லை. அம்மா எழுதிக் கொடுத்ததை அழகாக ஒப்புவித்தார்கள். கடைசியாக வந்த பன்னிரண்டு வயதுப் பையன் “என் ஊர் விக்ஸ்டன்” என்று தொடங்கினான். லெஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. இரண்டு தேவாலயக் கோபுரங்கள் இருப்பதால் பழைய ஆட்கள் அதை ‘இரட்டைக் கோபுர விக்ஸ்டன்’ என்பார்கள் என்றான். தறியில் காலுறை பின்னியவர்களின் பட்டறை அங்கே இன்னும் இருக்கிறது என்றான். தடுமாறினான், ஆனால் ஒரு வரியும் இரவல் இல்லை. நடுவர் ஒருவர் அவனுக்குப் புள்ளியைக் குறைத்துவிட்டு, “ஊர் எண்டால் சொந்த ஊரைச் சொல்லவேணும் தம்பி” என்றார். முகம் சுருங்கிப் போய் அவன் தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். இந்த மடல் அன்றே மனத்தில் தொடங்கிவிட்டது.

அந்த நடுவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பையன் சொன்ன விக்ஸ்டன் எப்படிப்பட்ட ஊர் என்று எங்களில் யாருக்கும் அன்று தெரியவில்லை. லெஸ்டர் பல்கலைக்கழகம் இன்னும் கல்லூரியாக இருந்த காலத்தில், 1948இல், உள்ளூர் வரலாற்றுக்கென்றே ஒரு துறையை அங்கே தொடங்கியவர் டபிள்யூ. ஜி. ஹொஸ்கின்ஸ். அவர் விக்ஸ்டன் என்ற அந்த ஒரே ஊரின் குடியானவர்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். அரசர்களைப் பற்றி அல்ல. யாருடைய நிலம் எந்த ஓடைக்கு அருகில் இருந்தது, யார் எவ்வளவு வரி கட்டினார்கள், எப்போது பொது நிலத்தை வேலி போட்டுப் பிரித்தார்கள் என்பவற்றைப் பற்றி. சாதாரண ஊருக்கும் வரலாறு உண்டு என்று காட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஊரைச் சொன்னதற்காகத்தான் எங்கள் பிள்ளைக்குப் புள்ளி குறைந்தது.

நான் ஒல்லாந்திலிருந்து 2004இல் இங்கே வந்தவன். எங்களில் பலரும் ஒல்லாந்து, டென்மார்க், ஜெர்மனி என்று சுற்றித்தான் லெஸ்டர் வந்தோம். இரவு வேலை, பகல் தூக்கம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை கோவில் அல்லது கலியாண மண்டபம். பல வருடம் எனக்குத் தெரிந்த லெஸ்டர்ஷயர், வேலைத்தலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் தெரியும் வயல்தான். அந்த வயலுக்குள் இறங்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்தான் ஒரு நாள் மாலை விரிவுரை ஒன்றுக்குக் கூட்டிப் போனார். அப்படித்தான் லெஸ்டர்ஷயர் தொல்லியல் வரலாற்றுக் கழகம் எனக்குப் பழக்கமானது.

இந்தக் கழகம் 1855இல் தொடங்கியது. இங்கிலாந்தில் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, ஒன்றாக இப்படிக் கழகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தன. முதலில் பாதிரிமாரும் நிலக்கிழார்களும் கட்டடக் கலைஞர்களும் கூடிய இடம். இன்று போனால் ஓய்வுபெற்ற தாதி இருப்பார், பஸ் ஓட்டியவர் இருப்பார், பல்கலைக்கழகப் பேராசிரியரும் இருப்பார். குளிர்காலத்தில் விரிவுரைகள் நடக்கும், கோடையில் பழைய இடங்களைப் பார்க்கக் கூட்டாகப் போவார்கள், வருடாந்தம் ஆய்விதழ் வெளிவரும். அதற்கு மேல் பொதுவாசகர்களுக்கென்று ‘லெஸ்டர்ஷயர் ஹிஸ்டோரியன்’ என்ற இதழும் உண்டு. யாரும் சேரலாம். பட்டம் கேட்கமாட்டார்கள், எந்த ஊர் என்றும் கேட்கமாட்டார்கள். நான் முதல் நாள் போனபோது என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, தேநீருக்குப் பால் வேண்டுமா என்பது.

நகர நடுவில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கில்ட்ஹால் மண்டபத்தைக் கடந்துதான் நாங்கள் எல்லோரும் போய் வருகிறோம். 1390 அளவில் எழுந்த மரச்சட்டக் கட்டடம் அது. 1876 வரை நகர மண்டபமாக இருந்து, பிறகு சிதிலமாகி, இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது விடாமல் போராடியவர்கள் இந்தக் கழகத்தார். 1926இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகும்போது இதையும் சொல்லுங்கள்: அந்தக் கூரை இன்றும் நிற்பதற்குக் காரணம், சம்பளம் வாங்காத சில மனிதர்கள் கூட்டம் கூடிக் கடிதம் எழுதியது.

கார் தரிப்பிடத்துக்கு அடியில் எலும்பாக அகப்பட்ட, பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டைத் தெரியாத பிள்ளை லெஸ்டரில் இல்லை. 2012 ஓகஸ்ட் 25ஆம் திகதி கிண்டத் தொடங்கி, முதல் நாளே கால் எலும்பு தட்டுப்பட்டது. அடுத்த வருடம் பெப்ரவரி 4ஆம் திகதி அது அவர்தான் என்று அறிவித்தார்கள். ஆனால் கிண்டத் தொடங்குவதற்கு 26 வருடத்துக்கு முன்பே, 1986இல், டேவிட் போல்ட்வின் என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கழகத்தின் ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை எழுதியிருந்தார். மன்னனின் எலும்பை ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அவரோ ஆதாரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, புதைத்த இடத்திலேயே அது கிடக்கலாம், இருபத்தோராம் நூற்றாண்டில் யாராவது தோண்டி எடுக்கவும் கூடும் என்று எழுதினார். உள்ளூர்க் கழகத்தின் இதழில் நான்கைந்து பக்கம், அவ்வளவுதான். அந்த இதழின் பழைய தொகுதிகளை இன்று இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம்.

இனி, வயல்.

லெஸ்டர்ஷயரில் 1976 முதல் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கவுண்டியின் தொல்லியலாளராக இருந்த பீட்டர் லிடில், ஊர் ஊராகச் சாதாரண சனங்களைச் சேர்த்து, உழுத வயலில் நடந்து தேடப் பழக்கினார். கழகம் வேறு, இந்தக் களக்குழுக்கள் வேறு. ஆனால் இரண்டிலும் ஒரே முகங்களைப் பார்க்கலாம். அறுவடை முடிந்து, உழுது, மழை ஒன்று இரண்டு பெய்து மண்ணைக் கழுவிவிட்ட பிறகுதான் இதற்குச் சரியான நேரம். நிலச் சொந்தக்காரரின் அனுமதி வாங்கி, வயலில் கோடு போட்டுக் குச்சி நட்டு, ஆளுக்கு ஒரு கோடாக, தலையைக் குனிந்தபடி மெல்ல நடக்க வேண்டும். கண்ணில் பட்டதை எடுத்துப் பிளாஸ்ரிக் பையில் போட்டு, கோட்டின் இலக்கத்தைப் பையில் எழுத வேண்டும். இலக்கம் எழுதாத பை வெறும் குப்பை. எந்த இடத்தில் எது கிடந்தது என்பதுதான் செய்தி.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் நடந்தும் என் பையில் இருந்தது வெள்ளைச் சுங்கான் தண்டு இரண்டு துண்டு. உழவன் எவனோ புகைத்துவிட்டு எறிந்தது, எல்லா வயலிலும் இருக்கும். மதியத்துக்குப் பிறகு, சால் ஓரத்தில் சேறு பூசிய ஒரு சின்னத் துண்டு. பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். சேறு போனதும் உள்ளே சிவப்பு, அரக்குப் பூசியதைப் போன்ற பளபளப்பு. பக்கத்துக் கோட்டில் நடந்த அம்மையார் ஓடி வந்து பார்த்துவிட்டு, ‘சேமியன்’ என்றார். ரோமர் காலத்தில், இன்றைய பிரான்ஸில் வனைந்து கடல் கடந்து வந்த மட்பாண்டம். கிட்டத்தட்ட 1,800 வருடமாக மண்ணுக்குள் கிடந்தது என் உள்ளங்கையில் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்தும் கையை உடனே கழுவ மனம் வரவில்லை.

இந்தச் சிவப்பு ஓட்டுக்கு எங்கள் பக்கத்திலும் உறவு இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் பிரித்தானியத் தொல்லியலாளர் மோர்ட்டிமர் வீலர் தோண்டியபோது, அந்தத் துறைமுகத்தின் காலத்தைக் கணிக்க அவருக்குக் கைகொடுத்தது இத்தாலியிலிருந்து வந்த இதே வகைச் சிவப்பு மட்பாண்டம். சேமியனுக்கு மூத்த அக்கா மாதிரி. அந்த வீலரிடம் வேலை பழகியவர்தான் கத்லீன் கென்யன். 1936 முதல் 1939 வரை லெஸ்டரில் ஜூரி வோல் என்ற ரோமச் சுவரடியைத் தோண்டியவர் அவர். சதுரம் சதுரமாகப் பிரித்து, இடையில் மண்சுவர் விட்டு, அடுக்கு அடுக்காக இறங்கும் முறை இருவருக்கும் பொது. யாழ்ப்பாணத்தில் கந்தரோடையிலும் ரோம நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே வயலில் குனியும் தமிழ்ப் பிள்ளை அந்நியர் வரலாற்றைப் பொறுக்குகிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரே சரக்கு இரண்டு கரைக்கும் போன காலம் அது.

ஹலட்டன் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த ஊர்க் களக்குழு ஒரு மேட்டு வயலில் நடந்து ரோமர் கால ஓடுகளைப் பொறுக்கியது. 2000ஆம் ஆண்டில் அதன் உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உலோகங்காட்டிக் கருவியோடு போய் நாணயங்களைக் கண்டார். கண்டதும் செய்ய வேண்டியதைச் செய்தார்: முறைப்படி அறிவித்தார். பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் வந்து தோண்டியதில் 5,000க்கும் மேற்பட்ட நாணயங்களும், வெள்ளியும் பொன்னும் பூசிய ரோமக் குதிரைவீரனின் தலைக்கவசமும், விருந்துக்கு அறுத்த பன்றிகளின் எலும்புக் குவியலும் கிடைத்தன. அவற்றில் பலவற்றை மார்க்கெட் ஹார்பரோ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இதைக் கேட்டுவிட்டு யாரும் கருவி வாங்கிக்கொண்டு இரவில் வயலுக்குள் இறங்கிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் தோண்டுவது களவு. புதையல் அகப்பட்டால் அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

இதுவரை எழுதியது பிள்ளைகளுக்காக. இனி வருவது எங்களுக்காக, இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சில வருடத்துக்கு முன் எங்கள் அமைப்பு ஒன்று இடம் மாறியது. சாமான் ஏற்ற நானும் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் அலுமாரி ஒன்றை வெறுமையாக்கி, உள்ளே இருந்ததைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டார்கள். மழை வேறு. மேலே கிடந்தது முதல் வருட மாணவர் இடாப்பு. நீல மையில் எழுதிய பெயர்கள் ஊறி ஒன்றோடு ஒன்று கலந்துகொண்டிருந்தன. கீழே கையால் எழுதிப் பிரதி எடுத்த ஆண்டு மலர்கள், நாடகப் படங்கள், மண்டப வாடகைப் பற்றுச்சீட்டுகள். “பழைய பேப்பர்தானே அண்ணை” என்றான் ஒரு தம்பி. அவனில் பிழை இல்லை. அதை எங்கே கொடுப்பது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

கொடுக்க இடம் இருக்கிறது. லெஸ்டர்ஷயர், லெஸ்டர், ரட்லண்ட் மூன்றுக்கும் பொதுவான ஆவணக் காப்பகம் அந்தப் பையனின் விக்ஸ்டனில்தான், ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் 2001 முதல் கிழக்கு மிட்லண்ட்ஸ் வாய்மொழி வரலாற்றுக் காப்பகம் இருக்கிறது. 1972இல் உகண்டாவிலிருந்து விரட்டப்பட்ட ஆசியர்களைப் பார்த்து, “லெஸ்டருக்கு வராதீர்கள்” என்று இந்த நகரசபை உகண்டாப் பத்திரிகையில் விளம்பரம் போட்டது. நகரத்துக்கு வெட்கம் தரும் காகிதம் அது. இருந்தும் அது காக்கப்பட்டிருப்பதால்தான் இன்று பள்ளிகளில் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். குஜராத்தியரும் பஞ்சாபியரும் இந்த நகரத்துக்கு வந்த கதைக்கு ஆவணம் இருக்கிறது. நாங்கள் வந்த கதைக்கு எங்கள் கராஜில் இருக்கும் பெட்டிகள்தான் ஆவணம்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. ஒவ்வொரு வருடமும் அதற்காகக் கூட்டம் வைக்கிறோம், அழுகிறோம், வைக்கத்தான் வேண்டும். அந்தக் கூட்டத்தின் அறிவித்தல் துண்டையே அடுத்த நாள் எறிந்துவிடும் நிலையில் இருக்கிறோம் என்பதையும் அங்கே ஒருமுறை கதைப்போம்.

உங்களிடம் கேட்பவை இவை. தமிழ்ப் பள்ளிப் பாடத்தில் வருடத்துக்கு ஒரு நாளையாவது இந்தக் கவுண்டிக்கு ஒதுக்குங்கள். கில்ட்ஹாலுக்கோ ஹார்பரோவுக்கோ பஸ் பிடித்துப் போகலாம். ஒவ்வொரு அமைப்பும் கழகத்தில் ஒரு உறுப்புரிமை எடுங்கள். இதழ் வந்து வாசிகசாலை மேசையில் கிடக்கட்டும். அலுமாரிகளை வெறுமையாக்க முன் காப்பகத்துக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். எழுபது வயது தாண்டிய எங்கள் ஐயாமாரையும் அம்மாமாரையும், அவர்கள் குரலில், அவர்கள் தமிழில், பிள்ளைகளைக் கொண்டே ஒலிப்பதிவு செய்யுங்கள். அடுத்த பேச்சுப் போட்டியின் தலைப்பு ‘என் ஊர்’ என்றே இருக்கட்டும். நடுவர்களிடம் மட்டும் முன்கூட்டியே கதைத்துவிடுங்கள்.

கார்த்திகையில் வயல் உழுது முடிந்துவிடும். அனுமதி உள்ள ஒரு களக்குழுவோடு நடக்க, பெற்றோருடன் வரக்கூடிய ஆறு பிள்ளைகளை அழைத்துச் செல்ல நான் தயார். ஞாயிறு காலை ஒன்பது மணி, என் வானில் ஆறு இருக்கை. தடித்த காலுறை, கையுறை, பழைய பல்துலக்கி ஒன்று, மதியச் சாப்பாடு. நீள் பூட்ஸ் இல்லாதவர்களுக்கு என்னிடம் இரண்டு சோடி இருக்கின்றன, நான்காம் அளவும் ஆறாம் அளவும். நான்காம் அளவை விக்ஸ்டன் பையனுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
லெஸ்டர்